சுருள்முடியும் எங்கள் மகளும்

தமிழ் இல்லங்களில் பெண்குழந்தையின் கூந்தல் தாயின் பெருமை. எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னலிட்டு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பும் அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை கொஞ்சல்கள், எத்தனை அறிவுரைகள்! இக்கலையை நம் பெண்கள் பணம் கொடுத்துக் கற்பதில்லை. பாட்டியின் கையிலிருந்து தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும் அது தானாகவே வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்து சேராத ஒன்றை, பிள்ளை வீட்டிற்கு வந்த பின்னர் அரிச்சுவடியிலிருந்து கற்கும் பேறு எங்களுக்குக் கிட்டியது.

கொடைக்கானலுக்கு மேற்கே, படிப்படியான வயல்களில் மலைப்பூண்டு விளையும் பூம்பாறையில் வாழ்பவர்கள் நாங்கள். பல ஆண்டுகள் குழந்தையின்றி இருந்தபின், முறைப்படி விண்ணப்பித்து ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தோம். முன்னாளில் கிறிஸ்தவத் தம்பதியர் 1890 ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2006 இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும், அதனிடத்தில் வந்த 2015 ஆம் ஆண்டுச் சட்டமும், எச்சமயத்தாரும் ஒரு குழந்தையை முழு உரிமையுள்ள பிள்ளையாக ஏற்க வழி செய்தன. எங்கள் மகளைப் பெற்றவர்களுள் ஒருவர் ஆப்பிரிக்க வழியினர். அதற்கு மேல் அவள் பிறப்பின் கதையை இங்கு எழுத மாட்டோம்; அது அவளுடைய உடைமை.

சட்டம் அவளை எங்கள் மகளாக்கியது. ஆனால் அவள் தலைமுடி எங்கள் சீப்பிற்கு இணங்கவில்லை. நெருங்கிச் சுருண்ட அம்முடியைக் கண்ட உறவினர் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இரண்டு முறை மொட்டையடித்தால் நேராக வளரும் என்றார் பெரியம்மா. முடியை நீட்டும் பசை கடையில் கிடைக்கிறதே என்றார் அத்தை. அன்பினால் சொன்னவையே என்றாலும் இரண்டும் பொருந்தாதவை. முடியின் வடிவம் தோலுக்கு உள்ளே, மயிர்க்காலின் வளைவில் அமைகின்றது. மேலே எத்தனை முறை மழித்தாலும் உள்ளே வளைவு மாறாது. நீட்டும் பசைகளோ கடுமையான இரசாயனங்கள். பிஞ்சுத் தலையைப் புண்ணாக்கக் கூடியவை. அவற்றை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதென 2022 இல் அமெரிக்க நாட்டு ஆய்வொன்றும் தெரிவித்தது.

எங்களுக்கு வழிகாட்டியவர், இம்மலைக்கு ஓய்வுக்காக வந்திருந்த ஓர் அருட்சகோதரி. அவர் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனத்தவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த இம்மக்களிடையே இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் யாவரும் உண்டு. 2003 இல் கர்நாடகத்தில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். "இதுவும் இந்திய முடிதான் அம்மா, அயலாருடையது என்று அஞ்சாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தம் முழங்கால்களுக்கிடையே அமர்த்திக் கொண்டார்.

அன்று அவர் கற்பித்தது இதுதான். நேரான முடியில் தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனிவரை வழுக்கிச் செல்லும்; சுருள்முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடும். ஆகவே அது எளிதில் வறண்டு ஒடியும். நாள்தோறும் அலசலாகாது, வாரம் ஒருமுறை போதும். உலர்ந்த முடியில் சீப்பு வைக்கலாகாது. நன்றாக நனைத்து, கண்டிஷனர் தடவி, தலையை நான்கு பாகமாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பின்பு அகன்ற பல்லுள்ள சீப்பாலும் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கி ஏற வேண்டும். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து முடி உதிரும். தளர்த்தியே பின்ன வேண்டும். பூண்டுப் பல்லை நசுக்காமல் உரிக்கின்ற எங்கள் ஊர்க் கைகளுக்கு அப்பொறுமை புதிதன்று.

எங்கள் மலைக்கென்று சில திருத்தங்களும் வேண்டியிருந்தன. இங்குள்ள குளிரில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்து கிடக்கும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கிக் கொள்கிறோம். கம்பளிக் குல்லாய் ஈரத்தை உறிஞ்சி முடியை உராயும். ஆதலின் பழைய பட்டுப்புடவையின் துண்டொன்றை உட்புறம் வைத்துத் தைத்தோம். தலையணைக்கும் அப்புடவையே உறையாயிற்று. சனிக்கிழமை மாலைதோறும் அடுப்பருகே ஒன்றரை மணி நேரம் இப்பணி நடைபெறும். எங்களில் ஒருவர் சிக்கெடுக்க, மற்றவர் கதை சொல்வார்.

அவ்வாறான ஒரு மாலையில், முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில், அவள் கேட்டாள்: "அம்மா, நான் நல்ல பிள்ளையாக இருந்தால் என் முடி உன் முடி மாதிரி ஆகிவிடுமா?" எங்கள் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. இரட்டைப் பின்னல் தொங்காததைப் பார்த்து வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்களாம். முடி தண்டனையன்று, நீண்டால் பரிசுமன்று என்பதைச் சொற்களால் எவ்வாறு விளக்குவது? ஒரு சுருளை மெல்ல இழுத்துத் தோளுக்குக் கீழ்வரை நீட்டிக் காட்டினோம். விட்டவுடன் அது துள்ளித் திரும்பியது. "இத்தனை நீளத்தையும் மடித்து வைத்திருக்கிறாய்" என்றோம். சிரித்துக்கொண்டே தானும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். மறுவாரம் ஆசிரியையைச் சந்தித்து, இறுகாத நான்கு சிறு பின்னல்களுக்கு இசைவு பெற்றோம்.

அவளுக்குப் புனித மார்ட்டின் தெ போரஸின் கதையையும் சொன்னோம். 1579 இல் பெரு நாட்டின் லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் ஆப்பிரிக்க வழிவந்த தாய்க்கும் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டது. இளமையில் அவர் கற்ற தொழில் முடிதிருத்தலும் மருத்துவமும். 1962 இல் திருத்தந்தை 23 ஆம் அருளப்பர் அவரைப் புனிதர் என அறிவித்தார். "அவருக்கு என் தலையைப் பின்னத் தெரிந்திருக்கும்" என்றாள் எங்கள் மகள். நவம்பர் 3 ஆம் நாள் வரும் அவர் திருநாளை இப்போது அவள்தான் எங்களுக்கு நினைவூட்டுகிறாள்.

பெற்றோர்களே, தன்னைத் தொடும் கை தன்னை மாற்ற விரும்புகிறதா, பேண விரும்புகிறதா என்பதைக் குழந்தை சொல்லாமலே அறியும். தத்துப்பிள்ளை அதை இன்னும் விரைவில் அறியும். உங்கள் பங்கிற்கும் இத்தகைய பிள்ளை ஒன்று வரலாம். அப்போது வியந்து அதன் தலையைத் தடவிப் பார்க்காதீர்கள். முதலில் அதன் பெயரைக் கேளுங்கள்.