ஆத்துப்பக்கம்

கட்டாரிலிருந்து லீவில் வந்த எனக்கு, உம்மாவை ஒருநாளாவது நாவற்குடாக் கடற்கரையில் ஆறுதலாக உட்காரவைத்துப் பார்க்க ஆசை. பிட்டும் நண்டுக் கறியும் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். அங்கே கிழக்கில் கடல், மேற்கில் மட்டக்களப்பு வாவி, நடுவில் கல்முனை வீதி. சந்தியில் உம்மா, "கடல் வேணாம் மகன், ஆத்துப்பக்கம் போவம்" என்றா.

2004 டிசம்பர் 26இல் சாச்சியைக் கொண்டுபோன கடல். நான் மறந்தல்லவா போனேன்!

தென்னை நிழலில் பன்பாய் விரித்தோம். முருங்கையிலை போட்ட ஆணம். வாவி நண்டுக்கு ஒரு தனி இனிப்பு. உம்மா நண்டுக் காலை உடைத்துச் சதையெடுத்து என் பிட்டில் வைத்தா. எனக்கு வயது நாற்பத்தாறு.

அஸருக்குப் பிறகு கச்சான் அடங்கியது. வீதிக்கு அப்பாலிருந்து அலைச்சத்தம் வந்தது.

"அவளுக்கும் நண்டெண்டா உசிர்" என்றா உம்மா.

இருபது வருசத்தில் சாச்சியைப் பற்றி அவ வாய்திறந்தது அன்றுதான்.