'எஸ்' போதும் என்று சொன்னவர்கள் நாங்கள்தான்



எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் போன வாரம் வங்கிப் பயிலுநர் விண்ணப்பத்தோடு வந்தார். உயர்தர வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் நல்ல சித்தி. ஆனால் சாதாரண தரக் கணிதத்தில் 'எஸ்'. அந்த வங்கி கேட்டது 'சி'. போட்டிப் பரீட்சை மண்டபத்துக்குள் போகவே வழியில்லை.

35 புள்ளி எடுத்தால் 'எஸ்', 50 எடுத்தால் 'சி'. பதினாறு வயதில் விட்ட 15 புள்ளி இப்போது வாசலை மறிக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு மன்னார் பிள்ளைக்கு மாவட்டக் கோட்டா உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதமும் உண்டு. அந்த விண்ணப்பத்தில் அப்படி எதுவுமில்லை. கொழும்புப் பிள்ளைக்கும் சிலாவத்துறைப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல்.

பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. "கணக்குப் பாஸானால் போதும், ஏ.எல். படிக்கலாம்" என்று வகுப்பில் சொன்னவர்கள் நாங்கள்தான். 1990இல் எல்லாவற்றையும் விட்டுப்போய், திரும்பி வந்து கட்டிய ஊர் இது. பாஸ் என்றாலே எங்களுக்குப் பெருநாள்தான். இனி அது போதாது.

பெற்றோரே, பத்தாம் வகுப்பிலேயே கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கவனியுங்கள். பெறுபேறு வந்தபின் எங்களிடம் வருவதைவிட இப்போதே வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு இலவசமாகப் படிப்பிக்க நாங்கள் தயார், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளை அனுப்புவது உங்கள் பொறுப்பு.