மறுகா?

"ஆறுதலாகக் கதைப்பம், வாங்க" என்று நான் அழைத்தால் சென்னை நண்பர்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஏதோ சிறுகதை அரங்கேற்றம் என்று நினைப்பார்கள் போலும். எங்கள் மட்டக்களப்பில் அரிசி விலையும் கதைதான், அடுத்த வீட்டுச் சண்டையும் கதைதான். பேசுவது வேறு. "அம்மா பேசினா" என்றால் திட்டு விழுந்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் பேச்சுக்கும் கதைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. பேசுவதைக் குறிக்கும் 'டாக்' என்னும் வினையும் கதையைக் குறிக்கும் 'டேல்' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. கடைசியில் ஒட்டிய 'க்' ஒலி, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டுமாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினார்களோ என்னவோ.

'கதை' வந்த வடமொழி வினையை 'எப்படி' என்று பொருள்படும் 'கதம்' என்ற சொல்லோடு சேர்க்கிறார்கள். கேட்பவரின் கேள்வி சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! எங்களுக்கு அந்தக் கேள்வி 'மறுகா?' பிறகு என்ன ஆயிற்று என்று பொருள்.

அம்மம்மாவுக்கு 'மறுகா' இல்லாமல் கதை ஓடாது. எழுவான்கரையில் எங்கள் வீடு. மாடுகள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். காணாமற்போன ஒரு பசுவைத் தேடி மாமா தோணியில் போன கதையை எத்தனையோ இரவுகள் சொல்லியிருக்கிறா. தோணி நடுவாவிக்கு வந்ததும் நிறுத்துவா. நான் 'மறுகா' சொன்னால்தான் துடுப்பு அசையும். கண் செருகினால், "நித்திரையா மனே?" என்று கேட்டுவிட்டு, மாமாவைத் தண்ணீர் நடுவிலேயே விட்டுவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விடுவா. பசு கிடைத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

கதை சொல்வதைக் குறிக்கும் ஆங்கில 'டெல்' என்ற சொல்லுக்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. வங்கியில் காசு எண்ணித் தருபவர் இன்னும் 'டெல்லர்'தான். ஜெர்மனிலும் எண்ணுக்கு 'ட்ஸால்', கதை சொல்வதற்கு 'எர்ட்ஸேலன்'. எண்ணுவதும் சொல்வதும் எங்கே பிரிந்தன என்று அறிய ஜெர்மனிவரை போகவேண்டாம், மட்டக்களப்புக் கல்லடி போதும். 1924இல் கட்டிய பழைய பாலம் அங்கே இருக்கிறது. 2013இல் பக்கத்தில் புதியது திறந்தபின் லொறியும் பஸ்ஸும் அதில் போகின்றன. பழையதில் தூண்டில்காரர் நிம்மதியாகக் கதைக்கிறார்கள். கூடையில் இரண்டு கொடுவா. விசாரித்தால் ஐந்து. மற்ற முனைக்கு நடந்துபோய் அதே ஆளைப் பற்றி விசாரித்தால் ஏழு.