பழைய பெட்டிக்கு ஒரு துபாஷி

பரண் என்று ஒன்று இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான இடம். உபயோகமில்லை என்று தோன்றும் சாமான்களை அங்கே ஏற்றுகிறோம். ஆனால் தூர எறிய மட்டும் மனம் வருவதில்லை. கால் ஒடிந்த முக்காலி, மூடி தொலைந்த தூக்கு, ஓடாத கடிகாரம் இவற்றோடு இப்போது புதிய ஜாதிச் சாமான் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 'நெட்புக்' என்ற குட்டி மடிக்கணினிதான் அது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதற்குக் கருமாதி செய்வதற்கு முன் நான் சொல்லுவதைச் சற்றுக் கேளுங்கள்.

தைவானைச் சேர்ந்த ஏஸுஸ் கம்பெனி 2007-ம் ஆண்டில் 'ஈ பிசி 701' என்று ஒரு பெட்டியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, 512 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. சேமிப்பு, இவ்வளவுதான் அதன் சொத்து! அதற்குள் இருந்து வேலை செய்தது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். ஆகவே இந்தக் குட்டிப் பெட்டிகளுக்கும் லினக்ஸுக்கும் பிறந்த வீட்டு உறவு உண்டு. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்து வைத்த காரியம் அது. காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

என் அக்காவிடம் ஒரு நெட்புக் இருந்தது. காலஞ்சென்ற அத்தான் 2009-ல் வாங்கியது. பத்து அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜி.பி. நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி. அந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்று போயிற்று. அதன் பிறகு பெட்டி மேலே ஏறிவிட்டது.

2024 ஜூன் மாதம் அக்கா மகள் பி.காம். சேர்ந்தாள். கையில் இருந்ததெல்லாம் சம்பளம் கட்டவே சரியாய்ப் போயிற்று. கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே! அக்கா பழைய பெட்டியை ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினாள். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதுவா? 300 ரூபாய் தருகிறேன், போட்டுவிட்டுப் போங்கள். புதுசு 30,000 ஆகும்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா தன் கை வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, ஒரு வாரம் பொறு. அத்தான் பெட்டியை என்னிடம் கொடு" என்றேன்.

"அதுதான் செத்துப் போச்சே, தம்பி!"

"உயிர் இருக்கிறது. பாஷைதான் மறந்து விட்டது" என்றேன்.

ரிச்சி தெருவுக்குப் போய் 2 ஜி.பி. பழைய நினைவகத் துண்டு ஒன்றும், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யும் வாங்கி வந்தேன். இரண்டும் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தச் செயலி 32-பிட் ரகம். ஆகவே அதற்கு ஏற்ற டெபியன் 12 என்ற லினக்ஸைப் பென் டிரைவில் இறக்கிக் கொண்டேன். டெபியன் என்ற பெயரில் ஒரு ரசமான சமாசாரம் இருக்கிறது. 1993-ல் அதை ஆரம்பித்த இயன் மர்டாக், தம் காதலி டெப்ராவின் பெயரை முன்னால் வைத்துத் தம் பெயரைப் பின்னால் சேர்த்துக் கொண்டார்!

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் பெட்டி கண் விழித்தது. சப்தம் வந்தது, காமிராவில் முகம் தெரிந்தது. வைஃபை மட்டும் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் 'டிரைவர்' என்ற ஆசாமி வருகிறார். அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வந்த வெள்ளைக்கார வர்த்தகர்களுக்கு நம் பாஷை தெரியாது. நம்மவர்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் நின்று பேசியவர் துபாஷி. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் அப்படி ஒரு துபாஷி வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான துபாஷிகள் கூடவே வந்து விடுகிறார்கள். தனித் தட்டு தேட வேண்டியதில்லை. ஆனால் சில சில்லுகள் பிகு பண்ணும். துபாஷி வந்தாலும் போதாது. பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் அவற்றின் காதில் ஒரு மந்திரமும் ஓத வேண்டும். அதற்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர். அக்கா பெட்டியில் இருந்த வைஃபை சில்லின் ஃபர்ம்வேரை, அதைச் செய்த கம்பெனி பிறர் பிரதி எடுத்து வழங்க அனுமதிப்பதில்லை. இன்டர்நெட்டிலிருந்து நாமே தருவித்துக் கொள்ள வேண்டும்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஃபர்ம்வேர் வந்தால்தான் இன்டர்நெட். இன்டர்நெட் வந்தால்தான் ஃபர்ம்வேர். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்!

வழி இல்லாமல் போகவில்லை. முதலில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையைக் கொடுத்தேன். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லின் குலம் கோத்திரத்தையும் அது எண்களாகச் சொல்லிவிடும். முதல் எண் செய்தவர் யார் என்பது. இரண்டாவது, எந்த ரகம் என்பது. (இன்டெல் கம்பெனியின் எண் 8086. அவர்கள் 1978-ல் வெளியிட்ட புகழ் பெற்ற செயலியின் பெயரும் அதுதான்.) ஜாதகம் தெரிந்த பிறகு, என் கைபேசியைச் சார்ஜ் போடும் கம்பியால் பெட்டியுடன் இணைத்து, கைபேசி அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைத் தட்டினேன். கைபேசியின் இன்டர்நெட் கம்பி வழியே பெட்டிக்குள் பாய்ந்தது. ஃபர்ம்வேர் வந்து இறங்கியது. வைஃபை வாய் திறந்தது!

இன்னும் ஒரு தொல்லை உண்டு. 600 புள்ளி உயரமே உள்ள திரையில் சில ஜன்னல்களின் 'சரி' பொத்தான் கீழே மறைந்துவிடும். 'ஆல்ட்' விசையை அழுத்திக் கொண்டு ஜன்னலையே மேலே இழுத்தால் தீர்ந்தது.

அதற்காக அது புதுப்பெட்டி ஆகிவிட்டதென்று நினைக்காதீர்கள். சினிமா பார்த்தால் திணறும். ஒரே சமயத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் மூச்சு முட்டும். ஆனால் கட்டுரை எழுதும், கணக்குப் போடும், தமிழ்99 விசைப்பலகையில் அழகாகத் தமிழும் எழுதும். பி.காம். படிப்புக்கு அது போதும். முதல் பருவத்துக் கட்டுரைகள் அத்தனையையும் என் மருமகள் அதில்தான் எழுதினாள். வளையல்கள் இன்னும் அக்காவின் கையில்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இனி அநேகம் நல்ல மடிக்கணினிகள் பரணை நோக்கிப் புறப்படும். அவற்றைத் தடுத்து நிறுத்துங்கள். அவற்றில் பல, லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க இடம் கொடுக்கும். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. முதலில் நான்கு சோதனைகள் செய்யுங்கள்: வைஃபை வருகிறதா, சப்தம் கேட்கிறதா, காமிரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக் கொள்கிறதா? நான்கும் சரியென்றால் தைரியமாக மேலே செல்லலாம். 32-பிட் பெட்டியானால் மட்டும் ஜாக்கிரதை: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதில் நிறுவ வழியில்லை, 12-ஐத்தான் தேட வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், சகோதரிகளே. பழைய பெட்டியில் புகைப்படங்களோ கணக்குகளோ இருந்தால், கை வைக்கும் முன் அவற்றைப் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். பெட்டிக்கு மறுஜன்மம் கொடுக்கலாம். அழிந்த புகைப்படத்துக்குக் கொடுக்க முடியாது.