வெளிமானின் பட்டா

கிண்டி வெளிமானைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “அது இந்த ஊர் மானே இல்லை. வெலிங்டன் பிரபு 1924இல் கொண்டுவந்து விட்டது.” சிறுவர் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர் சொல்வார், காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார், மானை ஒரு தடவைகூடப் பார்த்திராத என் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். யாருக்கும் இதில் துளி சந்தேகம் கிடையாது. அந்த நிச்சயம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்துவதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. அம்மாவின் பெரியப்பா கிண்டி ராஜ்பவன் தோட்டத்தில் வேலை பார்த்தவர். “வெள்ளை மான் ராஜா வீட்டு மான். ராஜா வந்தப்போ அதுவும் கூடவே வந்தது” என்று அவர் சொல்லிக் கேட்டதாக அம்மா சொல்வாள். எந்த ராஜா என்று அவரிடம் கேட்டுவைத்தவர்கள் யாரும் இல்லை. “வடக்கத்தி ராஜா” என்பதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியாது. ராஜ்பவனில் ராஜா எங்கிருந்து வந்தார்? அங்கே இருந்ததெல்லாம் ஆளுநர்கள் அல்லவா?

முதலில் 1924ஐப் பிடித்துக்கொண்டேன். வெலிங்டன் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தது 1919இல். 1924 ஏப்ரலில் பதவிக்காலம் முடிந்து கிளம்பிவிட்டார். அடுத்து வந்தவர் கோஷன் பிரபு. ஆகவே கதை உண்மையென்றால், மூட்டை கட்டிக்கொண்டிருந்த கடைசி மூன்று நான்கு மாதங்களில் அந்த மனிதர் மான்களை வரவழைத்திருக்க வேண்டும். அப்போது ஆளுநர்களின் பிரதான மாளிகை மவுண்ட் ரோடு பக்கம் இருந்தது. கிண்டி ஓய்வுக்குப் போகிற பங்களா. ஊரைவிட்டுப் போகிறவர் ஓய்வு பங்களாவுக்கு எதற்காக மான் வாங்க வேண்டும்?

இதற்கு நானே ஒரு விடை கட்டினேன். சென்னைக்கு வருவதற்கு முன், 1913 முதல் 1918 வரை, வெலிங்டன் பம்பாய் ஆளுநர். கத்தியவார் சமஸ்தானங்கள் அன்று பம்பாய் அரசின் மேற்பார்வையில் இருந்தன. வெளிமான் கூட்டம் கூட்டமாகத் திரிந்த புல்வெளிகள் அந்த ராஜாக்களுடையவை. பழைய பழக்கத்தில் யாரோ ஒரு ராஜா பிரிவுபசாரப் பரிசாக மான் அனுப்பியிருப்பார், பெரிய தாத்தாவின் ‘ராஜா’வும் அவர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். மராமத்துக் கணக்குகளைக் கட்டுக் கட்டாகப் புரட்டினேன். கூரை வந்தது, குதிரை வந்தது, மான் வரவில்லை. ரயிலில் மான் வந்திருந்தால் யாராவது சரக்குக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும், தீவனத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “மேடம், நீங்க தேடுறது மானா, ரசீதா?” என்றார்.

அந்தக் கட்டுகளை மூடிவைத்த பிறகு, வேறு எதற்கோ ஆளுநர்களின் பட்டியலைப் பார்த்தபோது ராஜா அகப்பட்டார். சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாகாணத்தின் முதல் இந்திய ஆளுநர், 1948 முதல் 1952 வரை கிண்டியில் இருந்தவர், கிருஷ்ண குமாரசிங்ஜி பாவ்சிங்ஜி. பாவ்நகர் மகாராஜா. தன் சமஸ்தானத்தை இந்தியாவிடம் ஒப்படைக்க முன்வந்த முதல் வரிசை மன்னர்களில் ஒருவர். இங்கே மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆளுநராக இருந்தார் என்று சொல்வார்கள். பாவ்நகரத்து வேளாவதார் புல்வெளி இன்று வெளிமானுக்கான தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அந்த அரச குடும்பம் பழக்கிய சிவிங்கிப்புலிகளை ஏவி வெளிமான் வேட்டையாடிய இடம் அது. கிண்டியில் உள்ள வெள்ளை வெளிமான்கள் பாவ்நகர் மகாராஜா கொண்டுவந்தவை என்று பூங்காவைப் பற்றிய குறிப்புகளிலேயே இருக்கிறது. ராஜ்பவனில் நிஜமாகவே ஒரு ராஜா இருந்திருக்கிறார்! அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அதைத்தானே அப்பவே சொன்னேன்” என்று வைத்துவிட்டாள்.

இனி வெலிங்டனா பாவ்நகரா என்று தீர்க்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தபோதுதான் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். வேளச்சேரியில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். கிண்டியில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

“வெலிங்டன் காலத்துல வந்ததா, பாவ்நகர் ராஜா காலத்துல வந்ததா? உங்க சர்வீஸ்ல பெரியவங்க யாராவது சொல்லியிருப்பாங்களே ஐயா?”

“நான் சேர்ந்தப்ப மான் இருந்துச்சும்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நான் இல்லையே.”

மகாராஜாவின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “தலைப்பாகை நல்லா கட்டியிருக்காரு” என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த தடவை போனபோது அவரே கேட்டார்: “போலோ கிரவுண்டுல இந்த வருஷம் புல்லு எப்படி?” எனக்குத் தெரியவில்லை. “மானைப் பத்தி எழுதப் போறேங்கிறீங்க, புல்லைப் பாக்கலையா?” நான் ஆளுநர்களைக் கேட்டால் அவர் புல்லைச் சொல்வார். வருடத்தைக் கேட்டால் மழையைச் சொல்வார். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எந்தப் பக்கத்து மரங்கள் சாய்ந்தன, சாய்ந்த இடத்தில் வெயில் இறங்கி எங்கெங்கே புல் கிளம்பியது என்பதை விரலால் சுவரில் கோடு இழுத்துக் காட்டினார். “புயலுக்கு நாம புகார் சொல்றோம். வெளிமான் சொல்லுமா?”

அவரிடம் கோபம்கூட வந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்: “இது வெளியிலேர்ந்து வந்த மானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்களேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “புள்ளிமானை யாரு கொண்டாந்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா உங்ககிட்ட?” என்றார்.

யாரும் கேட்டதில்லை. புள்ளிமானும் கிண்டிக்கு வந்த மான்தான். 1945க்குப் பிறகு விடப்பட்டது என்பதே பொதுவான கருத்து. இன்று வெளிமானைவிடப் பல மடங்கு பெருகி, காந்தி மண்டபம் வரைக்கும் வந்து நிற்பது அதுதான். ஆனாலும் அதன் பூர்வீகத்தை யாரும் விசாரிப்பதில்லை. தழைக்கிறவனிடம் ஊர் எது என்று கேட்பதில்லை, தேய்கிறவனிடம்தான் கேட்கிறோம். அன்றோடு நான் ரசீதைத் தேடுவதை விட்டேன்.

வனத்துறையின் அனுமதியோடு ஒரு காலை வேளையில் பூங்காவுக்குள் போனேன். உடன் வந்தவர் பணியில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர், நம் பெரியவரிடம் தொழில் பழகியவர். போலோ மைதானம் என்று இன்றும் சொல்லப்படும் திறந்த வெளியின் ஓரத்தில் நிறுத்தி, தரையைக் காட்டினார். ஒரு கையகலத் திட்டில் புழுக்கை. அடியில் இருப்பது வெளுத்துப் பொடியாகிக் கிடந்தது, அதன்மேல் பழுப்பு, உச்சியில் அன்று காலை போட்டது, எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னியது. சுற்றிலும் குளம்பால் கீறிய மண். கிடா தினமும் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து போடுமாம். “பெருசு இதைத்தான் மானோட பட்டான்னு சொல்வாரு. இந்த இடம் எனக்குன்னு அது எழுதி வைக்கிறது.” அறுபது எழுபது அடி தள்ளி அந்தப் பட்டாதாரர் நின்றிருந்தார்: முதுகு கரிக்கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை, முறுக்கிய கொம்பு. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிமானுக்குக் கண்ணும் காலும்தான் காவல். தூரத்தில் வருவதைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட இடம் வேண்டும். கிடா உரிமை கொண்டாடுவதும் பெட்டை வந்து தேர்ந்தெடுப்பதும் திறந்த வெளியில்தான். புள்ளிமானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிழலிலும் நிற்கும், புதரோரத்திலும் நிற்கும், புல் இல்லாவிட்டால் தழையையும் காயையும் தின்னும். இந்த இரண்டு மான்களின் நிலையையும் பராமரிப்பையும் பற்றி ஷங்கர் ராமன், மேனன், சுகுமார் மூவரும் 1996இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். புதர் ஒரு கெஜம் முன்னேறினால் வெளிமானின் நிலம் ஒரு கெஜம் போச்சு.

பட்டா என்ற பேச்சு வந்தபின் கிண்டியின் பத்திரங்களை வேறு கண்ணால் படித்தேன். 1821இல் அரசு இதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் காப்புக்காடு, நடைமுறையில் ஆளுநரின் தோப்பு. மேசை நாற்காலியோடு மானும் மாளிகைச் சொத்து. வேண்டியதைக் கொண்டுவரலாம், வேண்டியதைக் கொடுக்கலாம். 1958இல் நேருவின் விருப்பப்படி ஒரு பகுதி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்குமாக வனத்துறையிடம் வந்தது. அதே காட்டின் இன்னொரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. பிறகு ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள். 1970களின் பிற்பாதியில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு எஞ்சியது 270.57 ஹெக்டேர். 1980களின் இறுதியில் பூங்காவுக்கும் ஐ.ஐ.டி.க்கும் நடுவே சுவரும் எழுந்தது. இந்தப் பக்கத்து மானும் அந்தப் பக்கத்து மானும் அதோடு சரி.

தேசியப் பூங்கா என்று ஆனபின் நிலம் நின்றது. இதை மறுக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எல்லையைத் தொட வேண்டுமானால் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். முன்போல ஒரு அமைச்சரவைக் கூட்டத்தில் பத்து ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் சட்டம் வெளியாளின் கையைக் கட்டும்போது காவல்காரன் கையையும் சேர்த்துக் கட்டுகிறது. பூங்காவுக்குள் வாழிடத்தை மாற்றும் எந்த வேலையும் வன உயிரின நலனுக்குத்தான் என்று மேலே நிரூபித்து ஒப்புதல் பெற வேண்டும். மானை வேறிடம் மாற்றத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். வெளிமான் முதல் அட்டவணை விலங்கு, அதற்கு மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். புதருக்கு எந்த அனுமதியும் வேண்டாம், அது பாட்டுக்கு வளரும்.

வந்த மான், சொந்த மான் என்ற வழக்கு இதில் எங்கே வருகிறது? கோடியக்கரைக்குப் போனால் தெரியும். அங்கே வெளிமானை எந்தப் பிரபுவும் இறக்கவில்லை. அதற்காகவே 1967இல் சரணாலயம் அமைத்தார்கள். பூர்வீகத்தில் சந்தேகமே இல்லாத அந்த மானின் புல்வெளியையும் சீமைக்கருவேல் ஏறி மூடுகிறது. பூர்வீகச் சான்றிதழ் அங்கே மானுக்கு ஒரு பிடி புல் வாங்கித் தரவில்லை. கிண்டியில் அது இல்லாதது மானின் குறையும் இல்லை.

2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அகற்றிய இடத்தில் என்ன வேண்டும் என்று யார் முடிவுசெய்வது? நமக்குக் காடு என்றால் மரம். மரம் நட்டால் படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். புல்லை வெறுமனே விட்டுவைத்தால் ‘தரிசாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று மனு போடுவார்கள். வெளிமானைக் காப்பாற்ற வேண்டிய துறை, ஒன்றும் நடாமல் இருப்பதையும் வேலை என்று மேலிடத்துக்கும் பொதுமக்களுக்கும் புரியவைத்தாக வேண்டும். அரசாங்கத்தில் இதைவிடக் கஷ்டமான கோப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

இப்போதும் யாராவது வெலிங்டன் கதையை ஆரம்பித்தால் நான் குறுக்கே விழுவதில்லை. வெள்ளை மான் பாவ்நகர் ராஜா கொண்டுவந்தது என்று எங்கள் வீட்டுப் பங்கைச் சொல்லிவைப்பேன். அவர் கொண்டுவந்தவை இங்கே ஏற்கெனவே இருந்த கறுப்புக் கிடாக்களோடு சேர்ந்திருக்கும். எது யார் வழி என்று பிரிக்கிற காலம் போய்விட்டது. அதன்பின் பெரியவரின் கேள்வியைக் கேட்பேன்: போலோ கிரவுண்டில் இந்த வருஷம் புல் எப்படி? இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்ல வேண்டிய துறை, புதர் எத்தனை ஏக்கர் மூடியிருக்கிறது, வெளி எத்தனை ஏக்கர் மிச்சம் என்று வருடத்துக்கு ஒரு தடவை அளந்து, சிறுவர் பூங்கா வாசலில் எழுதிப் போட்டால் போதும். மான் எப்போது வந்தது என்று அந்தப் பலகையில் ஒரு வரிகூட வேண்டியதில்லை.