சேப்பாக்கத்தின் இரண்டு மொழிகள்

பறக்கும் ரயில் சேப்பாக்கம் நிலையத்தில் நிற்கும்போதே பெட்டியில் பாதி மஞ்சள். படியிறங்கும் கூட்டத்தில் ஒருவர் விசிலடிக்க, பின்னாலிருந்து பதில் விசில் வருகிறது. அறிமுகம் முடிந்தது. பெயர், ஊர், வேலை எதுவும் தேவையில்லை.

மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜெர்சி விற்கிறவர்களும் கன்னத்தில் சாயம் பூசிவிடுகிறவர்களும். விற்பவரின் கைக்கு முதலில் வருவது 7-ஆம் எண் ஜெர்சிதான். இங்கே 'தல' என்றால் தோனி. ராஞ்சியில் பிறந்தவருக்குச் சென்னை கொடுத்த பெயர். 'சின்ன தல' என்றால் சுரேஷ் ரெய்னா. யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டால், கேட்டவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம்!

கைத்தட்டல் என்ற பழைய மொழி

1916-இல் உருவான மைதானம் இது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-இல் இங்கேதான் பெற்றது. ஐந்து நாள் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களின் மொழி கைத்தட்டல். ஆபத்தான பந்தை ஆடாமல் விட்டாலும் தட்டுவார்கள். அடித்தது எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை.

1997-இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே 194 ரன் குவித்து ஒருநாள் போட்டியில் உலக சாதனை படைத்தபோது கிடைத்ததும் அந்தக் கைத்தட்டல்தான். 1999 ஜனவரி 31-ஆம் தேதியை இன்றும் பேசுகிறார்கள். முதுகுவலியோடு சச்சின் 136 ரன் அடித்தும், இந்தியா 12 ரன்னில் தோற்றது. சிறிது நேரம் மயான அமைதி. பிறகு அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள்.

விசில் என்ற புது மொழி

2008-இல் ஐபிஎல் வந்தது. நாக்கை மடக்கி இரண்டு விரலை வைத்து ஊதத் தெரிந்தவர் வரிசையில் பெரிய ஆள். தெரியாதவருக்குப் பிளாஸ்டிக் விசில் இருக்கிறது. அகலமாகப் போகும் பந்துக்கு அம்பயர் கையை விரிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான கைகள் விரிந்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்பவர் ஆஸ்திரேலியரானாலும் 'அண்ணா'தான். "அண்ணா, ஒரே ஒரு தடவை திரும்புங்கண்ணா!" திரும்பிக் கையசைத்துவிட்டால், அந்த வரிசைக்கு டிக்கெட் காசு வசூல்!

2018-இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, தனி ரயிலில் ஏறிப்போனதும் இதே கூட்டம்தான்.

நம்ம ஆள் அவுட்... கொண்டாட்டம்!

புதிதாக வருபவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு. சென்னை விக்கெட் விழுந்தால் கூட்டம் துள்ளிக் குதிக்கும். "நம்மாளு போறான், நீ எதுக்குடா ஆடுற?" என்று தாத்தா கேட்டால், பேரன் சொல்வான்: "அடுத்து தல வர்றாரு தாத்தா!"

2024 ஏப்ரல் 8, கொல்கத்தாவுடன் ஆட்டம். விக்கெட் விழுந்ததும் ஜடேஜா மட்டையோடு சில அடி வந்து, சட்டென்று திரும்பிப் போனார். குறும்பு! பின்னாலேயே தோனி வந்தார். எழுந்த சத்தத்தில் எதிரணியின் ஆந்த்ரே ரஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பழைய ஆட்களுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஆட்டத்தைப் பார்க்க வந்த ஊர், ஆளைப் பார்க்க வருகிறதே என்று. இளைஞர்களிடம் கேட்டால், "இன்னும் எத்தனை தடவை பார்க்கக் கிடைக்கும், சொல்லுங்க?" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பிரியம் இருக்கிறது.

எதிரணி வீரர் ஒருவர் அழகாக ஒரு கவர் டிரைவ் அடிக்கும்போது, விசில் சட்டென்று அடங்கும். அந்த இடைவெளியில் மேல்வரிசையில் யாரோ இரண்டு மூன்று பேர் கைதட்டுவது தெளிவாகக் கேட்கும். மஞ்சள் ஜெர்சிப் பையன் தாத்தாவைத் திரும்பிப் பார்ப்பான். கையிலிருக்கும் விசிலை மடியில் வைத்துவிட்டு, அவனும் தட்டுவான்.