அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்



கம்போங் ராஜாவில் மாலையானால் பனி மூட்டம் இறங்கி, எதிரே இருக்கும் காய்கறித் தோட்டம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலை. தவக்காலம். என் வீட்டு அஞ்சடியில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். இயேசுவைப் பிலாத்துவின் முன் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"சார், டைம் மெஷின் மட்டும் கிடைச்சா, நான் நேரா அங்க போயி, 'அவரை விடுங்க'ன்னு கத்துவேன்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன். நீங்களும் நானும் சிறு வயதில் இப்படி நினைக்காதவர்களா?

காலத்தைத் தாண்டிப் போகும் கதை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, 1895-இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய கால யந்திரக் கதைதான். ஆனால் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே கிறிஸ்தவ உலகில் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. சாமுவேல் மாடன் என்ற அயர்லாந்துப் பாதிரியார் 1733-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்படப்போகும் கடிதங்களை ஒரு காவல் தூதர் முன்கூட்டியே கொண்டுவந்து கொடுப்பதாகக் கதை. யந்திரம் கிடையாது, தேவதூதர்தான் தபால்காரர்!

1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையை உங்களில் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஸ்க்ரூஜ் என்ற கருமியை மூன்று ஆவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறந்த காலத்துக்கும், நிகழ்காலத்துக்கும், எதிர்காலத்துக்கும் அழைத்துச் செல்கின்றன. ஒன்றைக் கவனித்தீர்களா? இறந்த காலத்தில் அவன் கண்ணால் பார்க்கலாம். கையால் எதையும் மாற்ற முடியாது. மாற வேண்டியவன் அவனே. கண் விழிக்கும்போது கிறிஸ்துமஸ் காலை இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது.

அன்று பிள்ளைகளுக்கு நான் சொன்னது இன்னொரு கதை. 1974-இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை நடத்திய போட்டியில் பரிசு பெற்றது; எழுதியவர் கேரி கில்வொர்த். வருங்காலத்தில் ஒரு குடும்பம் விடுமுறைக்கு உல்லாசப் பயணம் போகிறது. எங்கே தெரியுமா? கொல்கொத்தாவுக்கு, இயேசுவைச் சிலுவையில் அறைவதை வேடிக்கை பார்க்க! சரித்திரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, மற்றவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு, பிலாத்து கேட்கும்போது எல்லாரோடும் சேர்ந்து பரபாசின் பெயரைக் கத்த வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களும் கத்துகிறார்கள். பிறகுதான் அந்தக் குடும்பத்து மனிதன் சுற்றிலும் பார்க்கிறான். அந்த ஊர் ஜனங்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் தத்தம் வீட்டுக்குள் இருக்கிறார்கள். கூட்டம் முழுக்க முழுக்க, அவனைப் போல எதிர்காலத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள்!

பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். "இதனால்தான் குருத்து ஞாயிறு அன்று பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது, கூட்டத்தாரின் வார்த்தைகளை நம்மையே சொல்ல வைக்கிறார்கள்" என்று பெரிய வாத்தியார் போல முடித்து அனுப்பினேன்.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1976. எனக்குப் பதினேழு வயது. நான் வளர்ந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். லயத்துப் பெண்கள் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம் இருநூறு வெள்ளி ஒரு ராத்திரி காணாமற்போயிற்று. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஒருவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கடன்பட்டவர், வெளித் தோட்டத்திலிருந்து வந்தவர், அதுவே போதுமாயிருந்தது. "திருடன், வெளியே அனுப்பு!" என்று ஒரு குரல் எழும்பியது. பிறகு நூறு குரல். அதில் ஒன்று என்னுடையது.

அவர் அந்த ராத்திரி எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டிரெஸர் வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. எல்லாரும் கத்தும்போது ஒருவன் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? கத்தினேன். இரண்டே நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு, சட்டி பானைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் மலையிறங்கினார். மூன்று மாதம் கழித்து, சீட்டு நடத்திய அம்மாள் வீட்டு அரிசிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து பணப் பை கிடைத்தது. யாரும் அவரைத் தேடிப் போகவில்லை.

பிலாத்துவின் முற்றத்துக்குப் போக எனக்கு எந்த யந்திரமும் தேவையில்லை. நான் ஏற்கனவே போய்க் கத்திவிட்டு வந்தவன்!

விசாரித்து விசாரித்து, அந்த வாரமே சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கினேன். மகன் வீட்டில் இருந்தார். எண்பதைத் தொட்ட வயது. யார் என்று சொல்லி, செய்ததையும் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டாம்மா" என்றார்.

"எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. நான் மறந்தாச்சு. ஆனா, என் சம்சாரம் உசிரோட இருக்கையில வந்திருக்கலாமே. ஊரே நம்மளத் திருடன்னு நெனக்குதுன்னு சொல்லிச் சொல்லியே அவ போய்ட்டா."

அந்தத் தேநீரை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

வாசகர்களே, கதையில் வருகிறவர்கள் எந்த வருஷத்துக்கும் போகிறார்கள். நமக்குக் கொடுத்திருப்பது இந்த ஒரு நாள் மட்டுமே. மன்னிப்பு எந்நாளும் கிடைக்கும் என்பது என் விசுவாசம். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் எந்நாளும் இருக்கமாட்டார் என்பது நான் கண்ட உண்மை. நீங்கள் போக வேண்டிய வீடு ஒன்று இருக்குமானால், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பஸ் நேரத்தைப் பாருங்கள்.